சைக்கோலஜி படிக்க ஆசை, ஏ.எல்லுக்கு எதை எடுப்பது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக் கூடாது. இலங்கையில் நாங்கள் எழுதுகிற உள்ளூர் ஏ.எல் (உயர்தர) பரீட்சையில் உளவியல், அதாவது சைக்கோலஜி, என்று ஒரு பாடம் இல்லை. கிளிநொச்சியில் படிப்பிக்க ஆள் இல்லை, முல்லைத்தீவில் பிள்ளைகள் கேட்கவில்லை, அதனால்தான் இல்லை என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் பெயர்பெற்ற பாடசாலையில் உள்ளூர் ஏ.எல் செய்கிற பிள்ளைக்கும் அது கிடையாது. ஓ.எல் (சாதாரணதர) றிசல்ட் வந்த கையோடு "சைக்கோலஜி எடுக்கலாமா" என்று கேட்டு வருகிற பலருக்கு இது தெரியாது. தெரிந்ததும் முகம் வாடி, "சரி, அப்ப விடுவம்" என்று அந்த இடத்திலேயே ஆசையைக் கைவிட்டுவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். ஏ.எல்லில் பாடம் இல்லாவிட்டாலும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆகவே நீங்கள் முடிவெடுக்க வேண்டியது "எடுப்பதா விடுவதா" என்பது இல்லை. உங்களுக்கு உண்மையில் உளவியல்தான் வேண்டுமா, வேண்டுமென்றால் எந்த மூன்று பாடத்தோடு அங்கே போய்ச் சேரலாம் என்பதுதான்.

ஏ.எல்லில் சைக்கோலஜி படிக்கிறோம் என்று சொல்கிறவர்கள் அப்போ யார்? சர்வதேசப் பாடசாலைகளில் கேம்பிரிட்ஜ், எடெக்ஸெல் என்ற இங்கிலாந்துப் பரீட்சைகளை (இங்கே லண்டன் ஏ.எல் என்பார்கள்) எடுக்கிறவர்கள், இல்லாவிட்டால் இங்கிலாந்திலேயே படிக்கிற எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள். வன்னியில் பாதி ஆசை அந்த வழியாகத்தான் வருகிறது. லண்டனில் இருக்கிற ஒன்றுவிட்ட அக்கா வாட்ஸ்அப்பில் சொல்லியிருப்பா. கனடாவில் ஒன்ராறியோவில் 11ஆம் வகுப்பில் மானிடவியல், உளவியல், சமூகவியல் மூன்றையும் சேர்த்து ஒரு அறிமுகப் பாடமே இருக்கிறது, அங்கேயிருந்தும் கதை வரும். லண்டன் ஏ.எல் என்றால் கட்டணம் பவுணில் வருகிற கட்டணம், படிப்பு முழுக்க ஆங்கிலம். அதைவிட முக்கியம், எங்கள் அரச பல்கலைக்கழகங்களுக்குப் போகிற பிரதான வாசல் உள்ளூர் ஏ.எல்லின் இசட் புள்ளிதான் (மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்கள் புள்ளியை அளக்கிற எண், கணக்கைப் பிறகு சொல்கிறேன்). வெளிநாட்டில் படிப்பது உறுதி என்றால் தவிர, அந்தப் பக்கம் பார்த்து ஏங்குவதில் பிரயோசனம் இல்லை.

இன்னொன்று, ஏங்கத் தேவையும் இல்லை. இங்கிலாந்தில் உளவியல் இப்போது மிகக் கூடுதலானோர் எடுக்கிற ஏ லெவல் பாடங்களில் ஒன்று. அப்படியிருந்தும் அங்கே உளவியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க ஏ லெவலில் உளவியல் கட்டாயம் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பதில்லை. பல இடங்களில் ஒரு விஞ்ஞானப் பாடம் இருந்தால் நல்லது என்பார்கள், அவ்வளவுதான். முதல் வருடத்தில் எல்லோருக்கும் அடியிலிருந்துதான் தொடங்குவார்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வி என்று 2017இல் தொடங்கிய தொழிற்துறைப் பிரிவில் "குழந்தை உளவியலும் பராமரிப்பும்" என்று ஒரு பாடம் உண்டு. தெரிவுசெய்த பாடசாலைகளில்தான் இந்தப் பிரிவு நடக்கும், ஓ.எல்லில் சறுக்கியவர்களும் சேரலாம், முடிவில் தேசிய தொழிற்தகைமை 4ஆம் மட்டத்துக்குப் போகலாம். முன்பள்ளி, பிள்ளை பராமரிப்பு என்று போக விரும்புகிறவருக்கு இது நல்ல வழி. ஆனால் இசட் புள்ளி எடுத்துப் பல்கலைக்கழகம் போகிற பாதை வேறு, இது வேறு. பெயரில் உளவியல் இருக்கிறது என்பதற்காக மட்டும் போய்ச் சேராதீர்கள்.

ஆசை எங்கேயிருந்து வந்தது?

நான் பிள்ளைகளிடம் முதலில் கேட்கிற கேள்வி இதுதான். வருகிற பதில்கள் பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று, "சிநேகிதிகள் எல்லாரும் தங்கட பிரச்சினையை என்னட்டத்தான் சொல்லுவினம்." நல்ல குணம். ஆனால் நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்கு உளவியல் பிடிக்கும் என்று இல்லை. அந்தக் குணத்துக்கு ஆசிரியத் தொழில், தாதியம், சமூகப்பணி எல்லாமே பொருந்தும்.

இரண்டாவது, யூடியூப், டிக்டொக். ஆளின் கண்ணைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிப்பது, யாரைப் பார்த்தாலும் "இவர் நார்சிசிஸ்ட்" என்று முத்திரை குத்துவது. இதை நம்பி வருகிறவர்கள் முதல் தவணையிலேயே வெறுத்துப்போவார்கள், ஏனென்றால் உளவியல் படிப்பு அந்த மாதிரிப் பேச்சுகளைச் சந்தேகப்படத்தான் சொல்லித்தரும்.

மூன்றாவது வீடு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இந்த வருடங்களில் ஓ.எல் முடித்து நிற்கிற பிள்ளைகளில் பலர் 2008, 2009இல் பிறந்தவர்கள். பங்கருக்குள்ளும் முகாமிலும் கைக்குழந்தையாக இருந்தவர்கள். அவர்களுக்கு அந்த நாட்கள் ஞாபகம் இல்லை, ஆனால் ஞாபகம் உள்ளவர்களோடு வளர்ந்திருக்கிறார்கள். இரவில் திடுக்கிட்டு எழும்புகிற அப்பா, காணாமல் போன மாமாவின் படத்துக்கு முன்னால் ஒன்றும் பேசாமல் இருக்கிற அம்மம்மா, குடித்துவிட்டு மட்டும் கதைக்கிற சித்தப்பா. "இவையளுக்கு என்ன நடக்குது எண்டு எனக்கு விளங்க வேணும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நான் குறைவாக நினைக்க மாட்டேன். வடக்கில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் ஒருவரான உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியதும் இதைப் பற்றித்தான். போர் தனி ஆளின் மனதோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே குலைக்கிறது என்று.

ஆனால் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு உதவி வேண்டுமென்றால் அது இன்றைக்கு வேண்டும், நீங்கள் பட்டம் எடுக்கும்வரை காத்திருக்க முடியாது. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இருக்கிறது, பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு என்று உத்தியோகத்தர் இருப்பார், 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுத்தும் பேசலாம். உங்களுக்கே பாரமாக இருந்தால் உங்களுக்கும் அதே வழிதான். அதற்காகப் படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. சொந்தக் காரணத்தோடு வந்து நல்லாய்ப் படித்தவர்கள் இருக்கிறார்கள். படிப்பை மருந்தாக எதிர்பார்த்து வந்தால்தான் இரண்டுமே கெட்டுப்போகும்.

உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது?

இங்கிலாந்தில் நிறையப் பேர் எடுக்கிற ஏ.கியூ.ஏ என்ற பரீட்சைச் சபையின் ஏ லெவல் உளவியல் பாடத்திட்டத்தை உதாரணத்துக்குப் பாருங்கள். மூன்று வினாத்தாள், ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம், 96 புள்ளி. ஞாபகம், குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பு, சமூகச் செல்வாக்கு, மூளையும் நரம்பும், மனநோய்கள் எல்லாம் உண்டு. ஆனால் மொத்தப் புள்ளியில் கால்வாசிக்குக் குறையாமல் ஆய்வுமுறைக்குப் போகிறது, பத்திலொரு பங்காவது கணக்கு. உளவியல் என்றால் கனவையும் ஆழ்மனதையும் பற்றிப் பேசிய ஃபிராய்ட்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவருக்கு அவர் ஒரு மூலையில்தான் இருப்பார். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வூண்ட் உளவியலுக்கென்று ஆய்வுகூடம் திறந்த நாளிலிருந்தே இந்தத் துறை அளக்கத்தான் பார்க்கிறது.

எப்படி அளக்கிறார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1974இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 45 மாணவர்களுக்குக் கார் மோதுகிற படத்துண்டுகளைப் போட்டுக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். "அடித்து நொறுக்கியபோது" என்ற மாதிரிக் கேட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40.8 மைல். "தொட்டபோது" என்ற மாதிரிக் கேட்டவர்கள் சொன்னது 31.8 மைல். பார்த்தது ஒரே படங்கள்தான். நேரில் கண்ட சாட்சி என்று நீதிமன்றத்தில் நிற்கிறவரை எவ்வளவு நம்பலாம் என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். உங்களுக்கு இந்தப் பாடம் சரிவருமா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை, ஒரு சனிக்கிழமை போதும். தம்பியின் விளையாட்டு லொறி இரண்டை எடுத்து, சீமெந்து நிலத்தில் ஒன்றை உருட்டி மற்றதோடு மோதவிட்டு போனில் ஐந்து செக்கன் வீடியோ எடுங்கள். உண்மையான விபத்து வீடியோ வேண்டாம். ஏ9 வீதியில் வீட்டு ஆளைப் பறிகொடுத்த பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம், உளவியலில் அனுமதியும் ஒழுக்கமும் முதல் பாடம். ரியூசனில் ஒரு இருபது பேரைப் பிடித்து, விருப்பமில்லாதவர் விலகலாம் என்று சொல்லிவிட்டு, சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு வீடியோவைக் காட்டுங்கள். ஒரு பகுதியிடம் "லொறி மற்றதில முட்டின நேரம் எவ்வளவு வேகமா வந்தது, ஒன்றிலயிருந்து பத்துக்குள்ள சொல்லு" என்று கேளுங்கள். மற்றப் பகுதியிடம் "அடிச்சு நொறுக்கின நேரம்" என்று மாற்றிக் கேளுங்கள். மற்றதெல்லாம் ஒன்றாகவே இருக்க வேண்டும், உங்கள் குரல் உட்பட. எழுதி, கூட்டி, சராசரி எடுங்கள்.

இப்போதுதான் சோதனையே தொடங்குகிறது, சோதனை உங்களுக்கு. இரண்டு சராசரிக்கும் வித்தியாசம் வந்தால், அது சொல்லால் வந்ததா, தற்செயலா? சீட்டுக் குலுக்காமல் முன்வாங்கில் இருக்கிறவர்களை ஒரு பகுதி, பின்வாங்கை மறு பகுதி என்று பிரித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வெளியே வந்தவர் உள்ளே போகிறவருக்குச் சொல்லிவிட்டாரா? வித்தியாசமே வராவிட்டால் லொஃப்டஸ் பிழையா, உங்கள் லொறி மெத்தச் சின்னதா? தமிழில் "முட்டின" என்பதே பலமான சொல்லோ? இப்படி யோசிக்க யோசிக்க இரவுச் சாப்பாடு மறந்துபோகிறது என்றால் தாராளமாக இந்தப் பக்கம் வாருங்கள். சராசரி எடுக்கிற இடத்திலேயே கொட்டாவி வந்தால், உங்களுக்குப் பிடித்தது மனிதரோடு கதைப்பது, உளவியல் இல்லை. அதிலே ஒரு குறையும் இல்லை, வேறு பாதை பாருங்கள்.

இன்னொரு சின்னச் சோதனை ஆங்கிலம். கட்டுரைகளும் பாடநூல்களும் பெரும்பங்கு ஆங்கிலத்தில்தான். ஒரு பக்க ஆங்கில உளவியல் கட்டுரையை அகராதியோடு உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். கஷ்டமாக இருப்பது பரவாயில்லை, எல்லோருக்கும் அப்படித்தான். நாளைக்கும் ஒரு பக்கம் வாசிப்பீர்களா என்பதுதான் கேள்வி.

சரி, மூன்று பாடம்

முதலில் பயோவா (உயிரியல் பிரிவு) ஆர்ட்ஸா (கலைப் பிரிவு). மனநோய்க்கு மருந்து எழுதுகிற உளமருத்துவராக வேண்டுமென்றால் வேறு பேச்சில்லை, உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எடுத்து மருத்துவபீடம் போய், வைத்தியராகி, அதற்குப் பிறகு உளமருத்துவத்தில் பட்டமேற்படிப்பு. நீண்ட ஓட்டம். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படை இருப்பதால் வன்னி மாவட்டங்களுக்கு மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி யாழ்ப்பாணம், கொழும்பைவிடக் குறைவாக வருவது வழமை, அது ஒரு அனுகூலம். ஆனால் "சைக்கோலஜிக்கு பயோதான் வேணுமாம்" என்று யாரோ சொன்னதை நம்பி, இரசாயனவியலைக் கண்டால் ஓடுகிற பிள்ளை பயோவில் போய் விழுவதுதான் நான் திரும்பத் திரும்பக் காண்கிற அநியாயம். மருத்துவம் நோக்கமில்லை என்றால் உளவியலுக்காக மட்டும் பயோ எடுக்கத் தேவையில்லை. கலைப்பீடம் வழியாக நேரே போகலாம்.

ஆர்ட்ஸ் என்றால் நான் முதலில் கை வைப்பது அளவையியலும் விஞ்ஞானமுறையும். எங்கள் பக்கத்தில் இதை "லொஜிக், சும்மா குறியீடு போட்டுப் பாஸ் பண்ணுற பாடம்" என்று நினைக்கிறார்கள். அதன் இரண்டாம் பாதியைப் பாருங்கள். கருதுகோள் என்றால் என்ன, பரிசோதனையில் எதை மாற்றி எதை மாறாமல் வைப்பது, சில உதாரணங்களை வைத்துப் பொதுவிதி சொல்கிற தொகுத்தறிமுறையில் உள்ள சிக்கல், பொய்ப்பித்தல் (ஒரு கருத்தைப் பிழையென்று காட்டப் பார்ப்பது) பற்றி தத்துவவாதி பொப்பர் சொன்னது. மேலே லொறியை வைத்துச் செய்தோமே, அதன் இலக்கணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஏ.எல்லில் உளவியலுக்கு மிக நெருங்கிய சொந்தம் இந்தப் பாடம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, எண்களைத் தொட்டுப் பழக ஒரு பாடம். புவியியல், பொருளியல் இரண்டுமே அதற்கு உதவும். வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிற பாடசாலை கிடைத்தால் அதிர்ஷ்டம். மூன்றாவது உங்கள் விருப்பம். தமிழ், அரசறிவியல், வரலாறு, இந்து நாகரிகம், எதுவாகவும் இருக்கட்டும், நீண்ட விடையைக் கோர்வையாக எழுதப் பழக்குகிற பாடமாக இருந்தால் சரி. பிள்ளை வளர்ச்சியில் ஆர்வம் என்றால் மனைப்பொருளியலையும் யோசிக்கலாம். அதைச் சமையல் பாடம் என்று தள்ளிவிடுகிறார்கள், பிள்ளை விருத்தியும் குடும்பமும் அதற்குள் இருப்பது பலருக்குத் தெரியாது.

"லேசான பாடம்" தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இசட் புள்ளி எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு பாடத்தில் நீங்கள் 80 எடுத்தீர்கள், அதை எழுதிய எல்லோரின் சராசரி 70, நியமவிலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 10 என்றால் உங்கள் இசட் 1. இன்னொரு பாடத்தில் 70தான் எடுத்தீர்கள், ஆனால் சராசரி 50, நியமவிலகல் 10 என்றால் இசட் 2. எல்லோருக்கும் லேசான பாடம் உங்களுக்கு ஒன்றும் தராது. மற்றவர்களைவிட நீங்கள் நன்றாகச் செய்கிற பாடம்தான் தரும். (உளவியலில் நுண்ணறிவு அளப்பதும் இதே கணக்குத்தான், சராசரியை 100 என்றும் நியமவிலகலை 15 என்றும் வைத்துக்கொள்வார்கள். இது விளங்கினால் புள்ளிவிபரத்தில் முதல் பாடம் முடிந்தது.)

பொது ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள், இசட்டுக்குச் சேராது என்பதால் எல்லோரும் அந்தப் பாடவேளையில் நித்திரை கொள்கிறார்கள். ஏ.எல்லோடு எழுதுகிற பொதுச் சாதாரணப் பரீட்சையில் (இது ஓ.எல் இல்லை) 30 எடுக்காவிட்டால் மூன்று பாடமும் சித்தியடைந்தும் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி இல்லை, அதையும் ஞாபகம் வையுங்கள்.

பிறகு எங்கே?

கிட்டடி என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம், அங்கே உளவியல் படிக்கலாம். பேராதனையில் உளவியலுக்கென்று தனித் துறையே இருக்கிறது. கலைப்பீடத்துக்குள் போனதும் உளவியல் கையில் வந்துவிடாது. முதல் வருடத்தில் அதை ஒரு பாடமாகத் தெரிவுசெய்து, நல்ல புள்ளி எடுத்து, பிறகுதான் அதைச் சிறப்புப் பாடமாகக் கேட்கலாம். எந்தக் கற்கைநெறிக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் விடுகிற கைநூலில் இருக்கும். சொந்தக்காரர் சொல்வதை விடுங்கள், அதை வாசியுங்கள். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் பீடங்கள் விஞ்ஞானம், வணிகம், தொழினுட்பம் என்று போகின்றன, உளவியலுக்காக அங்கே பார்க்க வேண்டாம்.

பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் கதவு மூடாது. வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போனால் கல்வி உளவியல் ஆசிரியப் பயிற்சியோடு வரும், பிறகு பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியராக வரவும் இடமுண்டு. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டமும் உளவளத்துணை டிப்ளோமாவும் இருக்கின்றன. தனியார் நிறுவனங்களும் "சைக்கோலஜி டிகிறி" என்று பதாகை கட்டுகின்றன. காசு கட்ட முன்னம் பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று மாதச் சான்றிதழை வைத்துக்கொண்டு உளவளத்துணையாளர் என்று பலகை போடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள், இந்த மண்ணில் ஆட்கள் சொல்கிற கதைகள் அரைகுறைக் காதுக்குத் தாங்காது.

வேலையைப் பற்றி அம்மா அப்பா கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். உண்மையைச் சொல்லுங்கள். பட்டம் எடுத்ததும் சிகிச்சை உளவியலாளர் ஆக முடியாது, அதற்குமேல் முதுதத்துவமாணி (எம்.பில்) போன்ற பயிற்சி வேண்டும். ஏ.எல்லில் இருந்து எண்ணினால் ஏறக்குறைய பத்து வருடம் என்று வையுங்கள். 2009க்குப் பிறகு வன்னியில் தொண்டு நிறுவனங்கள் உளசமூகப் பணிக்கு நிறைய ஆட்களை எடுத்தன, செயற்றிட்டம் முடிய வேலையும் முடிந்தது. அரச பதவிகள் உண்டு, ஆனால் குறைவு. தேவை ஊர் முழுக்க இருக்கிறது, சம்பளத்தோடு கூடிய கதிரைதான் அந்த அளவுக்கு இல்லை. இதைக் கேட்டும் வீட்டில் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டால், மேலே சொன்ன பாடங்களோடு ஆசிரியர், நிர்வாகம், ஊடகம் என்று வேறு பக்கமும் திரும்பலாம் என்பதைக் காட்டுங்கள். பயோவில் மாட்டிக்கொண்டவருக்கு அந்த வசதி குறைவு.

கடைசியாக, விண்ணப்பம் கொடுக்க முன்னம் அதிபரிடமோ பகுதித் தலைவரிடமோ மூன்று விசயம் கேளுங்கள். அளவையியலுக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, நீங்கள் நினைக்கிற மூன்று பாடமும் ஒரே பாடவேளையில் மோதுமா, மாறுவதென்றால் எந்தத் திகதிவரை விடுவார்கள். மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் முதல் கேள்விக்கே "இப்ப இல்லை, வருவினம்" என்ற பதில் வரக்கூடும். "வருவினம்" என்பதை நம்பி இரண்டு வருடத்தை வைக்காதீர்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ சொந்தக்காரர் வீடோ விடுதியோ சரிவந்தால் அங்கே மாறுவதைப் பற்றி வீட்டில் கதையுங்கள். சரிவராவிட்டால் உங்கள் பாடசாலையில் ஆசிரியர் உள்ள மூன்று பாடத்தை எடுத்து நல்ல இசட்டோடு கலைப்பீடத்துக்குள் போங்கள், அளவையியல் புத்தகத்தை விடுமுறையில் தனியாக வாசிக்கலாம்.